ஒரு குமிழியின் ரத்தப் பயணம்

அது பிறக்கும் இடம் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. குப்பியின் அடியில் கொஞ்சம் தெளிந்த திரவம். அதற்கு மேலே, மூடிவரைக்கும், நிறமும் மணமும் இல்லாத ஒரு வாயு. திரவத்தில் கலந்திருப்பவை கொழுப்பு வகை மூலக்கூறுகள். வாயுவின் பெயர் ஆக்டாஃபுளூரோபுரோப்பேன். காற்றைவிட ஆறு மடங்குக்கு மேல் கனமானது. குளிர்பதனப் பெட்டியில் கிடக்கும்வரை இரண்டும் தத்தம் இடத்தில் சும்மா இருக்கும். குப்பியை வெளியே எடுத்து, அறையின் சூட்டுக்கு வரவிட்டு, குலுக்கும் கருவியில் மாட்டி 45 விநாடி குலுக்க வேண்டும். பல் மருத்துவர்கள் சொத்தைப் பல்லை அடைக்கும் வெள்ளிக் கலவையைக் குலுக்கிக் கலக்க வைத்திருந்த கருவியின் வழிவந்தது அது. நின்றதும் பார்த்தால் திரவம் பால்போல வெளுத்திருக்கும். அந்த வெண்மை முழுக்கக் குமிழிகள். ஒரு மில்லிலிட்டரில் 1,200 கோடி வரை இருக்கலாம். ஒவ்வொன்றின் விட்டமும் சராசரியாக 1 முதல் 3 மைக்ரான். ரத்தச் சிவப்பணுவின் விட்டம் 7 அல்லது 8 மைக்ரான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இது எவ்வளவு சிறியது என்று விளங்கும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கோடை விடுமுறைக்கு இளநிலை மாணவர்களை ஆய்வுக்கூடத்தில் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அல்ட்ராசவுண்டைக் கொண்டு புற்றுநோயை ஆராயும் ஒரு கூடத்தில் அப்படி ஒரு கோடையைக் கழித்தேன். எனக்குத் தரப்பட்ட முதல் வேலை குமிழி செய்வது. கடைசி வேலை, அந்தக் குமிழிகள் ஒரு சுண்டெலியின் கட்டிக்குள் போய் வந்த கதையை எண்களாக மாற்றுவது. இரண்டுக்கும் நடுவில் நான் தெரிந்துகொண்டது இது: புற்றுநோயை அறிய அதன் உருவத்தைப் பார்த்தால் போதாது. அது தனக்கென்று போட்டுக்கொண்ட ரத்தப் பாதையைப் பார்க்க வேண்டும். அந்தப் பாதையில் நடந்துபோய்ப் பார்த்துச் சொல்ல இந்தக் குமிழியைவிட நேர்மையான தூதர் இல்லை.

குமிழிக்கு முன்னோர் உண்டு. 1968இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் ரேமண்ட் கிராமியாக், பிரவீண் ஷா என்ற இருவர் இதயத்திலிருந்து பெருந்தமனி கிளம்பும் இடத்தை அல்ட்ராசவுண்டில் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். வடிகுழாய் வழியாகப் பச்சை நிறச் சாயம் ஒன்றை உள்ளே செலுத்தியபோது, அதுவரை கறுப்பாகத் தெரிந்த ரத்தம் திரையில் எதிரொலிகளின் மேகமாக நிறைந்தது. காரணம் சாயமல்ல, செலுத்தும்போது அதோடு சேர்ந்து போன நுண்ணிய குமிழிகள். ரத்தம் அல்ட்ராசவுண்டுக்கு ஏறக்குறையக் கண்ணுக்குப் படாத பொருள். சிவப்பணுக்கள் ஒலியை மிகக் குறைவாகவே திருப்பி அனுப்பும். வாயு அப்படியில்லை. தன்னைச் சூழ்ந்த நீரோடு ஒப்பிட்டால் அதன் அடர்த்தியும் அமுங்கும் தன்மையும் முற்றிலும் வேறு. அதனால் தன் அளவுக்குப் பொருந்தாத வலிமையோடு ஒலியைச் சிதறடிக்கும்.

உப்புநீரையும் கொஞ்சம் காற்றையும் இரண்டு சிரிஞ்சுகளுக்கிடையே மாற்றி மாற்றித் தள்ளினாலே குமிழிகள் கிடைத்துவிடும். இதய மருத்துவர்கள் இன்றும் அதைச் செய்கிறார்கள். கையிலுள்ள நாளத்தில் செலுத்திய அந்தக் குமிழிகள் இதயத்தின் வலப்பக்கம் வந்து, நுரையீரலில் சிக்கி, அங்கேயே முடிந்துவிட வேண்டும். இடப்பக்கத்தில் தெரிந்தால் நடுச்சுவரில் ஓட்டை இருக்கிறது என்று சந்தேகிப்பார்கள். ஓட்டையைத் தேடுபவருக்கு இந்தக் குறை வரமாக அமைந்தது. கல்லீரலிலோ மார்பகத்திலோ உள்ள கட்டிவரை போக வேண்டியவருக்கு அது பெரிய தடை. நுரையீரலைத் தாண்டாத குமிழி கட்டியை எட்டாது.

தாண்டும் அளவுக்குச் சிறிதாக்கினால் என்ன? அங்கேதான் இயற்பியல் குறுக்கே நிற்கிறது. குமிழி சிறுக்கச் சிறுக்க அதன் மேற்பரப்பு உள்ளிருக்கும் வாயுவை இன்னும் கடுமையாக நெருக்கும். உறையில்லாமல் நீருக்குள் நிற்கும் 3 மைக்ரான் காற்றுக் குமிழியில், வெளியே உள்ளதற்கு மேல் கிட்டத்தட்ட இன்னொரு வளிமண்டல அழுத்தம் கூடுதலாக இருக்கும். அந்த நெருக்கத்தில் காற்று நீரில் கரைந்து, ஒரு விநாடி முடிவதற்குள் குமிழி காணாமல் போய்விடும். எப்ஸ்டீனும் பிளெசெட்டும் 1950இலேயே இந்தக் கரைதலைக் கணக்கிட்டு எழுதிவிட்டார்கள். கையிலிருந்து இதயத்துக்குப் போகும் நேரம்கூட அதற்கு இல்லை.

ஆகவே குமிழிக்கு ஒரு தோல் வேண்டும். கரையாத வாயுவும் வேண்டும். தோல் முதலில் கிடைத்தது. ஸ்டீவன் ஃபைன்ஸ்டைன் 1980களில் மனித ரத்தத்தின் ஆல்புமின் புரதக் கரைசலில் கடும் ஒலியைச் செலுத்தி, புரத உறையிட்ட காற்றுக் குமிழிகளை உருவாக்கினார். அதிலிருந்து வந்த ஆல்புனெக்ஸ் 1994இல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது. உள்ளே இருந்தது காற்று என்பதால் அதன் ஆயுள் குறைவாகவே இருந்தது. பிறகு வந்தவர்கள் வாயுவை மாற்றினார்கள். நீரில் மிகக் குறைவாகக் கரையும் ஃபுளூரின் சேர்ந்த கனமான வாயுக்கள் உள்ளே போயின. 2001இல் அமெரிக்காவில் டெஃபினிட்டியும் ஐரோப்பாவில் சோனோவியூவும் வந்தபோது தோலும் புரதத்திலிருந்து கொழுப்புக்கு மாறியிருந்தது. சோனோவியூவில் உள்ள வாயு சல்ஃபர் ஹெக்சாஃபுளூரைடு.

அந்தக் கொழுப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். டெஃபினிட்டியின் உறையில் பெரும்பங்கு வகிக்கும் டி.பி.பி.சி. என்ற பாஸ்போ கொழுப்பு நம் நுரையீரலுக்குப் புதியதல்ல. காற்றறைகளின் உட்சுவரில் படிந்து, மூச்சு வெளியேறும்போது அவை சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பூச்சின் முதன்மைப் பொருளும் அதுவே. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகள் மூச்சுக்குத் திணறுவது பெரும்பாலும் இந்தப் பூச்சு போதாமல்தான். காற்றறையும் வாயு நிறைந்த ஒரு குழிவு. அதைச் சுருக்க முயல்வதும் மேற்பரப்பு இழுவிசை. உடல் எந்தச் சிக்கலை எந்தப் பொருளால் தீர்த்ததோ, அதையே அதே பொருளால் குமிழி செய்பவர்களும் தீர்த்திருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இன்னும் வேறொரு செய்தி தரவில்லை.

இனிப் பயணம். குப்பியிலிருந்து சிரிஞ்சுக்கு ஏறும்போதே பல குமிழிகள் செத்துவிடக்கூடும். சிரிஞ்சின் தண்டை வேகமாக இழுத்தால் உள்ளே அழுத்தம் குறைந்து குமிழிகள் உப்பிப் பிளக்கும். மெல்லிய ஊசி வழியே வேகமாகத் தள்ளினாலும் அதே கதி. அசையாமல் வைத்தால் எல்லாம் மேலே மிதந்து ஒதுங்கிவிடும். அடியில் வெறும் நீர்தான் மிஞ்சும். அதனால் சிரிஞ்சை விரல்களுக்கிடையே மெல்ல உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்குக் கற்றுக்கொடுத்த ஆராய்ச்சி மாணவர், “குமிழியை எலிக்குள் போவதற்கு முன்னாடியே கொன்னுடாதே” என்று திரும்பத் திரும்பச் சொல்வார். எலியைத் தொட விலங்குப் பயிற்சியும் அனுமதியும் வேண்டும். அதுவரை எங்கள் பழக்கமெல்லாம் தண்ணீர்த் தொட்டியில். காற்று நீக்கிய நீரில் மயிரிழைபோன்ற ஒரு குழாயைக் கட்டி, குமிழி கலந்த நீரை அதில் ஓடவிட்டு, மேலிருந்து ஒலியை அனுப்பிக் கேட்போம். நீரிலிருந்து காற்றை நீக்கவில்லையென்றால் தொட்டியில் தானாக முளைக்கும் குமிழிகளும் பாடத் தொடங்கிவிடும். எது நம்முடையது என்று பிரிக்க முடியாது.

மனித உடலில் குமிழி முழங்கையின் சிரையில் நுழைகிறது. தோள்வழி ஏறி, மேற்பெருஞ்சிரையில் இறங்கி, இதயத்தின் வலப்பக்கம். அங்கிருந்து நுரையீரல். முன்னோர் மாண்ட தந்துகிகளில் இது சிவப்பணுக்களோடு சேர்ந்து நெளிந்து போய்விடுகிறது. இடப்பக்கம் வந்து, ஒரு துடிப்பில் பெருந்தமனிக்குள் எறியப்படுகிறது. இதற்குப் பத்துப் பன்னிரண்டு விநாடி ஆகியிருக்கும். உடல் முழுவதும் இப்போது அதற்குத் திறந்த வழி.

வயிற்றின்மேல் வைத்த புரோபிலிருந்து ஒலி இறங்குகிறது. விநாடிக்கு இருபது முப்பது லட்சம் அதிர்வு. ஒலியின் அழுத்தம் ஏறும்போது குமிழி சுருங்குகிறது, இறங்கும்போது விரிகிறது. ஒவ்வொரு குமிழிக்கும் தன் அளவுக்கேற்ற ஒரு சொந்தச் சுருதி உண்டு. ஓடைநீர் ஏன் சலசலக்கிறது என்று ஆராய்ந்த மார்செல் மின்னார்ட் என்ற சூரிய வானியலாளர் 1933இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட்டிலிருந்து இதற்குக் கணக்குத் தந்தார். நீரில் உள்ள காற்றுக் குமிழியின் ஆரம் 1 மில்லிமீட்டர் என்றால் அது ஏறத்தாழ 3,260 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். ஆரம் குறைந்த அதே விகிதத்தில் சுருதி ஏறும். இந்தக் கணக்கை ஒன்றரை மைக்ரான் ஆரத்துக்கு நீட்டினால் 2 மெகாஹெர்ட்ஸைத் தொடுகிறது. உறையின் விறைப்பு அதை இன்னும் கொஞ்சம் ஏற்றும். உடலின் உள்ளுறுப்புகளைப் பார்க்க மருத்துவர்கள் அரை நூற்றாண்டாகப் பயன்படுத்திவரும் அதிர்வெண் எல்லைக்குள் அது சரியாக விழுகிறது. நுரையீரல் தந்துகியைக் கடக்க எவ்வளவு சிறிதாக வேண்டுமோ, அந்த அளவுதான் ஸ்கேன் கருவியின் ஒலிக்கு உரக்கப் பதில் சொல்லும் அளவும். இதை யாரும் திட்டமிடவில்லை. இந்த இரண்டு அளவுகளும் ஒத்துப்போகாமல் இருந்திருந்தால் இந்தத் துறையே இருந்திருக்காது.

குமிழியின் பதிலில் இன்னொரு சிறப்பும் இருக்கிறது. வாயு விரிவது எளிது. ஓர் அளவுக்குமேல் சுருங்குவது கடினம். ஆகவே அது திருப்பி அனுப்பும் ஒலி, போன ஒலியின் அச்சுப் பிரதியாக இருக்காது. இரட்டை அதிர்வெண்ணும் வேறு சுருதிகளும் அதில் கலந்திருக்கும். தசையும் கொழுப்பும் மெல்லிய ஒலிக்குப் பெரும்பாலும் உள்ளதை உள்ளபடியே திருப்பும். டொரன்டோவில் பீட்டர் பர்ன்ஸும் உடனிருந்தவர்களும் 1999இல் வெளியிட்ட ஒரு முறை இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்கிறது. ஓர் ஒலித்துடிப்பை அனுப்பு. அடுத்து அதையே தலைகீழாக்கி அனுப்பு. திரும்பி வந்த இரண்டையும் கூட்டு. திசுவிலிருந்து வந்தவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குமிழியிலிருந்து வந்தவை முழுதாக அழியாமல் மிஞ்சும். திரையில் கல்லீரல் கறுத்துப்போக, ரத்தம் ஓடும் வழிகள் மட்டும் ஒளிரும். ஒலியை மெல்லியதாகவே அனுப்ப வேண்டும் என்பது இதில் நிபந்தனை. அழுத்தம் கூடினால் குமிழி உடைந்துவிடும். அந்த உடைவுக்கும் ஒரு பயன் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

இப்போது குமிழி கட்டியின் வாசலுக்கு வந்திருக்கிறது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: கட்டி தனக்கென்று புதிய ரத்தநாளங்களை வரவழைத்துக்கொள்ளாமல் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குமேல் வளர முடியாது. பல ஆண்டுகள் அதைச் சந்தேகத்தோடு பார்த்தவர்கள் இருந்தார்கள். நாளங்களை வளரச்செய்யும் புரதம் கண்டறியப்பட்டு, அதைத் தடுக்கும் பெவாசிஸுமாப் 2004இல் மருந்தாக வந்தபோது ஃபோக்மனின் கருத்து மருத்துவத்தின் நடைமுறைக்குள் வந்துவிட்டது. கட்டி அவசரத்தில் கட்டிய நாளங்கள் நல்ல உடலின் நாளங்களைப்போல இருப்பதில்லை. தேவையில்லாமல் வளைந்து சுருளும். சில முட்டுச்சந்தில் முடியும். சில தமனியிலிருந்து நேராகச் சிரைக்குப் பாய்ந்து, நடுவில் இருக்கும் செல்களுக்கு ஒன்றும் கொடுக்காமலே போகும். சுவரில் ஓட்டைகள் வேறு.

சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களில் செலுத்தும் அயோடினும் கடோலினியமும் சிறிய மூலக்கூறுகள். நாளத்தின் ஓட்டை வழியே கசிந்து சுற்றியுள்ள திசுவில் ஊறிவிடும். அந்தக் கசிவும் ஒரு செய்திதான். ஆனால் எது ஓட்டம், எது கசிவு என்று பிரிப்பது சிரமம். குமிழி கட்டியின் ஓட்டைகளைவிடவும் பெரியது. வெளியேற முடியாது. அது இருக்கும் இடமெல்லாம் ரத்தம் ஓடும் இடம், அவ்வளவுதான். இந்த இயலாமையால்தான் அதன் சாட்சியத்தை நம்ப முடிகிறது.

கல்லீரலில் இது மிகத் தெளிவாகத் தெரியும். நல்ல கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. கால் பங்குதான் தமனி வழி. கல்லீரலில் தோன்றும் புற்றுநோய் பெரும்பாலும் தமனியையே நம்பி வாழ்கிறது. குமிழி தமனி வழியாக முதலில் வந்துசேரும். செலுத்தி 10 முதல் 20 விநாடிக்குள் கட்டி பளிச்சென்று ஒளிரும், சுற்றியுள்ள கல்லீரல் இன்னும் மங்கலாக இருக்கும்போதே. பிறகு போர்ட்டல் சிரை வழிக் குமிழிகள் வந்து கல்லீரலை நிறைக்க, கட்டி மெல்ல மங்கிப் பின்தங்கும். அந்த மங்கல் ஒரு நிமிடத்துக்குப் பிறகு மெதுவாக வந்தால் கல்லீரலில் பிறந்த புற்று என்று நினைக்க இடமுண்டு. அதற்கு முன்பே சட்டென்று மங்கினால் வேறிடத்திலிருந்து பரவி வந்ததோ என்று யோசிப்பார்கள். ஒரே இடத்தில் புரோபை அசைக்காமல் பிடித்து, நிகழ்வதை நிகழும்போதே பார்க்கலாம் என்பது இதன் பலம். அமெரிக்காவில் கல்லீரலுக்கு இதைப் பயன்படுத்த 2016இல்தான் அனுமதி வந்தது. பெரியவர்களோடு குழந்தைகளுக்கும் சேர்த்து. ஐரோப்பா பல ஆண்டுகள் முன்னே போயிருந்தது.

என் கோடையின் பெரும்பகுதி போனது குமிழியை உடைப்பதில். மயக்கத்தில் இருக்கும் சுண்டெலியின் வால் சிரையில் குமிழிகளைச் சீராகச் செலுத்திக்கொண்டே இருப்போம். கட்டி ஒளிர்ந்து நிலைப்பட்டதும் ஒரு கணம் கடும் ஒலி. ஒலி விழுந்த பரப்பிலுள்ள குமிழிகள் எல்லாம் உடைந்து திரை இருண்டுவிடும். மறுபடி மெல்லிய ஒலிக்கு மாறி, வெளியிலிருந்து புதுக் குமிழிகள் வந்து நிறைவதை விநாடி விநாடியாகப் பதிவு செய்வோம். ஒளிர்வு முதலில் விரைந்து ஏறும், பிறகு தளர்ந்து ஒரு மட்டத்தில் நிற்கும். ஏறும் வேகம் ரத்தத்தின் வேகத்தைச் சொல்லும். நிற்கும் மட்டம் அங்கே எவ்வளவு ரத்தம் கொள்ளும் என்பதைச் சொல்லும். இரண்டையும் பெருக்கினால் அந்தத் திசுவுக்குக் கிடைக்கும் ரத்த ஓட்டத்தின் அளவுக்கு வரலாம். வர்ஜீனியாவில் கெவின் வெய், சஞ்சீவ் கவுல் முதலியோர் 1998இல் இதய தசைக்காக உருவாக்கிய வழி இது. புற்றுநோய்க்காரர்கள் கடன் வாங்கிக்கொண்டார்கள்.

தாளில் இது எளிய வளைகோடு. கணினியில் அதைப் பொருத்த உட்கார்ந்தால் எல்லாமே தீர்ப்பு கேட்கும். எலி மூச்சு விடும்போது கட்டி மேலும் கீழும் அசையும். அந்தப் படங்களை நீக்க வேண்டும். எவ்வளவு அசைந்தால் நீக்குவது? கட்டியின் எல்லையை மவுஸால் வரைய வேண்டும். ஒரு மில்லிமீட்டர் வெளியே போனால் நல்ல தசையின் ரத்தம் கணக்கில் ஏறிவிடும். எல்லாவற்றையும்விடக் கடினமானது நடுப்பகுதி. வளர்ந்த கட்டியின் ஓரம் குமிழிகளால் வளையமாக ஒளிரும். நடு, செல்கள் செத்துப்போய், குமிழி ஒன்றுகூட எட்டாமல் கறுத்துக் கிடக்கும். முழுக் கட்டிக்கும் சராசரி எடுத்தால் கிடைக்கும் எண் ஓரத்தையும் சொல்லாது, நடுவையும் சொல்லாது. உலகில் எங்கும் இல்லாத ஒரு திசுவைச் சொல்லும். ஒரே கட்டியின் எல்லையை இரண்டு பேர் தனித்தனியாக வரைந்து ஒப்பிட வேண்டும் என்பது எங்கள் கூடத்தில் கட்டாயம். யாருக்கு எந்த மருந்து கொடுக்கப்பட்டது என்பது வரைபவருக்குத் தெரியக் கூடாது என்பதும் கட்டாயம். பளபளக்கும் படங்களைக் காட்டிலும் இந்த இரண்டு கட்டுப்பாடுகளின்மேல்தான் எனக்கு மரியாதை அதிகம். கட்டி சுருங்க வேண்டும் என்று மனதார விரும்பும் கண்தான் எல்லையைச் சுருக்கி வரையும்.

ஓரிரு குமிழிகளை மட்டும் பின்தொடர்ந்தால் இன்னும் தூரம் போகலாம். சாதாரணமாக அல்ட்ராசவுண்ட் தன் அலைநீளத்தைவிட நுணுக்கமாக எதையும் பிரித்துக் காட்டாது. 3 மெகாஹெர்ட்ஸில் அது அரை மில்லிமீட்டர்; தந்துகியோ அதில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆனால் இருட்டில் கொடைக்கானல் மலைமேல் நின்று பார்த்தால் சாலை தெரியாது; ஏறிவரும் ஒவ்வொரு வண்டியின் விளக்கையும் இரவெல்லாம் குறித்துக்கொண்டே வந்தால் விடியும்போது கையில் மலைப்பாதையின் படம் முழுதாக இருக்கும். பாரிஸ் குழுவினர் 2015இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது இந்த வகை வேலை. எலியின் மூளையில் தனித்தனிக் குமிழிகளின் மையங்களை லட்சக்கணக்கில் குறித்து, பத்து மைக்ரானை ஒட்டிய நுணுக்கத்தில் நாளங்களை வரைந்து காட்டினார்கள். அவர்களுடைய நிறுவனத்தின் பெயர் லாஞ்செவன். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேடக் குவார்ட்ஸ் படிகத்தால் மீயொலியை உண்டாக்கிய பால் லாஞ்செவனின் பெயர் அது. படிகத்தை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும் என்று 1880இல் தன் அண்ணன் ஜாக்கோடு சேர்ந்து கண்டுபிடித்த பியர் கியூரியின் மாணவர் அவர். இன்று எந்த ஸ்கேன் அறையில் வயிற்றில் வைக்கும் புரோபிலும் பெரும்பாலும் அந்தக் கண்டுபிடிப்பே வேலை செய்கிறது. ரேடியத்தால் புற்றுநோய் மருத்துவத்தோடு இணைந்த கியூரி என்ற பெயருக்கு இந்த இன்னொரு வழியும் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பாதையைப் பார்ப்பது ஏன் இவ்வளவு முக்கியம்? மருந்து வேலை செய்கிறதா என்று மருத்துவமனைகள் பெரும்பாலும் கட்டியின் நீளத்தை அளந்தே முடிவு செய்கின்றன. குறுக்களவு 30 சதவீதம் குறைந்தால் மருந்து கேட்கிறது என்பது வழக்கமான அளவுகோல். நாளங்களைத் தாக்கும் மருந்துகளில் இது ஏமாற்றும். ரத்தம் நின்றுபோய்க் கட்டி உள்ளே செத்திருக்கும், அளவு மட்டும் மாறாமல் இருக்கும். நோயாளி வீணான மருந்தை மாதக்கணக்கில் விழுங்குவதும் நடக்கும், பயன்தரும் மருந்தை நிறுத்திவிடுவதும் நடக்கும். பிரான்சில் நத்தாலி லசோ தலைமையில் 19 மையங்களில் 539 நோயாளிகளிடம் குமிழி அல்ட்ராசவுண்டால் இதை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். சிகிச்சை தொடங்கி ஒரு மாதத்தில் கட்டியின் ரத்த அளவு 40 சதவீதத்துக்குமேல் குறைந்தவர்களுக்கு நோய் மீண்டும் முன்னேற நாளானது. ஒரு மாதம் என்பது புற்றுநோய் உள்ள வீட்டில் எவ்வளவு பெரிய காலம் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

குமிழியின் முடிவு நுரையீரலில். சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் வாயு தோலைக் கடந்து ரத்தத்தில் கரைகிறது. கரைந்தது காற்றறையின் சுவரைத் தாண்டி மூச்சோடு வெளியேறுகிறது. சோனோவியூவின் வாயுவில் 80 சதவீதத்துக்கு மேல் இரண்டு நிமிடத்தில் வெளிமூச்சில் வந்துவிடும். 15 நிமிடத்தில் ஏறக்குறைய முழுதும். தோலின் கொழுப்பை உடல் மற்றக் கொழுப்புகளோடு சேர்த்துச் செரித்துக்கொள்ளும். சிறுநீரகத்துக்கு இதில் வேலை இல்லை. சி.டி.யின் அயோடினைத் தாங்காத சிறுநீரகம் உள்ளவருக்கும் இதைச் செலுத்தலாம் என்பதால் இந்தச் சின்ன விவரம் பலருக்கு உயிரான விவரம். கதிர்வீச்சும் இல்லை, திரும்பத் திரும்ப அளக்கலாம். அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். கடுமையான ஒவ்வாமை அரிதாக வரும். அதனால் செலுத்தும் இடத்தில் அவசர மருந்துகள் தயாராக இருக்க வேண்டும். 2007இல் சில மரணங்களையடுத்து அமெரிக்க மருந்து நிர்வாகம் இவற்றின்மேல் கடும் எச்சரிக்கை விதித்தது. மரணங்களில் பல நோயாளிகளின் முற்றிய நோயால் நேர்ந்திருக்கலாம் என்று மருத்துவர்கள் எடுத்துக்காட்ட, அடுத்த ஆண்டே அது தளர்த்தப்பட்டது.

செய்தி கொண்டுவரும் வேலையோடு குமிழி நிற்கவில்லை. நாளத்துக்குள் சுருங்கி விரியும்போது அது சுவரைத் தள்ளுகிறது. மூளையின் தந்துகிகள் தம் செல்களை இறுக்கிப் பூட்டி, பெரும்பாலான மருந்துகளை உள்ளே விடுவதில்லை. குல்லெர்வோ ஹின்னினன் குழு 2001இல் முயல்களில், குவித்த ஒலியும் குமிழியும் சேர்ந்து அந்தப் பூட்டை ஓரிடத்தில் மட்டும் தற்காலிகமாகத் திறக்க முடியும் என்று காட்டியது. 2015இல் டொரன்டோவின் சன்னிபுரூக் மருத்துவமனையில் மண்டையைத் திறக்காமலே ஒரு மூளைக்கட்டி நோயாளிக்கு அது செய்யப்பட்டது. நார்வேயின் பெர்கனில் அறுவை செய்ய முடியாத கணையப் புற்றுநோயாளிகள் 10 பேருக்கு, வழக்கமான ஜெம்சிடபீன் மருந்தோடு சோனோவியூவும் சாதாரண ஸ்கேன் கருவியும் சேர்த்துப் பயன்படுத்தினார்கள். அதே மருத்துவமனையில் முன்பு மருந்து மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 8.9 மாதம், இவர்களுடையது 17.6 மாதம். பத்தே பேர். ஒப்பீடும் பழைய நோயாளிகளோடு. சீட்டுக் குலுக்கிப் பிரித்த பெரிய சோதனைகள் வந்தால்தான் இந்த எண்ணை நம்பலாம். ஆனாலும் கணையப் புற்றுநோய் எவ்வளவு இரக்கமற்றது என்று அறிந்த யாரும் இந்த எண்ணைத் தாண்டிப் போய்விட முடியாது.

கணையக் கட்டியின் சிக்கலும் பாதைதான். இறுகிய நார்த்திசு நாளங்களை நசுக்கிவிடுகிறது. மருந்து சரியாக உள்ளே போவதில்லை. எங்கள் கூடத்தில் நான் விட்டுவந்த தரவை அடுத்த கோடையில் வந்த மாணவி எடுத்துக்கொண்டாள். ஓரத்தையும் நடுவையும் தனித்தனியாகப் பிரித்து வளைகோடு பொருத்துகிறாள். மருந்து கொடுத்த பிறகு குமிழி நடுவுக்குள் எவ்வளவு தூரம் போகிறது, எந்த நாளில் மிக ஆழமாகப் போகிறது என்பது அவளுடைய கேள்வி. அந்த நாள் தெரிந்தால் அடுத்த மருந்தை அன்றைக்கே செலுத்திப் பார்க்கலாம்.